மிளாவுக்கு மீசை வைத்த மகனுக்கு

அப்பு, நலம் விசாரிப்பதற்காக இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெற்ற தகப்பனை நாய்களுக்கு இரையாகப் போட்டுப் படம் எழுதி, அதைப் பட்டணத்துச் சுவரில் மாட்டி, வருகிறவன் போகிறவனெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்படி செய்தவனுக்கு உடம்பில் என்ன குறை வரப்போகிறது? நானும் நலம்தான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மீசை தானாகத் துடிக்கிறது. நான் விட்ட பெருமூச்சில் போடிமெட்டில் நின்ற மேகமெல்லாம் மலையாளத்துப் பக்கம் ஓடிப்போய் அங்கே வெள்ளமாம். மற்றபடி நலம்.

தை பிறந்ததும் நீயும் உன் படமும் கப்பலேறுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். சீமையில் ஏதோ ஒரு மண்டபத்தில் அதைத் தொங்கவிடப் போகிறார்களாம். கப்பல் கிளம்புவதற்குள் அந்தப் படத்தில் ஒன்றை நீ மாற்றியாக வேண்டும். ஒன்றே ஒன்று. எதைச் சொல்கிறேன் என்று உனக்கு இப்போதே தெரிந்துவிட்டதாக நினைத்துச் சிரிப்பாய். நீ நினைப்பது இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னைத் திட்டித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஆகையால் வரிசையாகப் படித்துக்கொண்டே வா. சின்ன வயதில் கதை கேட்கும்போதும் உனக்கு முடிவுதான் முதலில் வேண்டும். அந்தப் புத்திதான் இன்றைக்கு என்னை மிளாவாக்கியிருக்கிறது.

செய்தி எனக்கு எங்கே வந்தது தெரியுமா? சலூனில். ஊருக்கெல்லாம் நான் மாமா, உனக்கு ஒருவனுக்குத்தான் அப்பா. அந்த மாமா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள சலூனில், முகம் நிறைய நுரையோடு, சிம்மாசனத்தில் சாய்ந்திருந்தார். சலூன்காரர் சங்கரலிங்கம் கத்தியைத் தீட்டுவதை விட்டுவிட்டு வாரப் பத்திரிகையை விரித்தார். என் முகத்தைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். மறுபடி என் முகம்.

"மாமா, கோவிச்சுக்கிராதீக. இது நீங்கதான?"

"எதுப்பா?"

"இந்தா, இந்த மிளா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஓடைக்கரையில் ஒரு ஆள். கழுத்துக்குக் கீழே மனிதன், மேலே கொம்பு முளைத்த மிளாமான். நாலு நாய்கள் அவனைப் பிய்க்கின்றன. அந்த மிளாவின் மூக்குக்குக் கீழே, இந்த உலகத்தில் வேறு எந்த ஜீவராசிக்கும் வாய்க்காத என் மீசை.

"மிளாவுக்கு ஏதுப்பா மீசை?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். காடு மேடெல்லாம் திரிஞ்சவுக நீங்க. எங்கயாச்சும் கண்டிருக்கீகளா?"

முறைக்குக் காத்திருந்த, பக்கத்து ஊர் தேவாரத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எடது புருவத்துல வெட்டுக்கூட இருக்குல்ல. மாமாவேதான். அந்த நாயி எங்க பல்லு வச்சிருக்குன்னு பாருங்க! இவுக எப்படி இம்புட்டு நேரம் உக்காந்திருக்காகன்னு தெரியல." போகும்போது அந்தப் பத்திரிகையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "எங்க ஊர்ல ஒரு பத்துப் பேருக்குக் காட்டிட்டுக் கொண்டாறேன்." தேவாரம் என்ற பெயர் அப்போதுதான் என் நெஞ்சில் இடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு நான் வீதியில் நடந்து வந்தேன். எதிரே வந்த லாரி ஒதுங்கி நின்றது. கோயில் யானை இருந்திருந்தால் அதுவும் ஒதுங்கி நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து, நீ போன மாதம் எழுதிய கடிதத்தையும் அதோடு வைத்திருந்த வண்ண அட்டையையும் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலி தேசத்தில் ஒரு பெரிய ஓவியர் வரைந்தது, அவர்கள் நாட்டுப் புராணம் என்று எழுதியிருந்தாய். வேட்டைக்குப் போன ஒருவன் வழி தவறி, காட்டு ஓடையில் ஒரு பெண் தெய்வம் தோழிகளோடு குளிக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறான். சிவப்புத் திரையை விலக்கிப் பார்த்துவிடுகிறான். அவள் கோபத்தில் தண்ணீரை அள்ளி அவன்மேல் வீச, அவன் மானாகிப் போகிறான். அவன் வளர்த்த நாய்களே அடையாளம் தெரியாமல் அவனைக் குதறிக் கொல்கின்றன. அட்டையில் இருப்பது அவன் திரையை விலக்குகிற கணம் மட்டும். மீதியை நீ எழுதியிருந்தாய்.

எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் ஓடை தெரியும். அந்த இத்தாலிக்காரரின் ஓடையில் ஒரு அட்டைப்பூச்சி இல்லை. ஒருத்தி காலில் சேறு இல்லை. எல்லாரும் வெயிலே படாமல், நெய்ச்சோறும் பாலும் தவிர வேறு தின்னாமல் வளர்ந்தவர்கள் போல இருக்கிறார்கள். நடுக்காட்டில் திரை கட்டிக் குளிக்கிற கூட்டத்தை நான் எந்த மலையிலும் கண்டதில்லை. இவ்வளவு குறை சொன்னாலும், அந்த வேட்டைக்காரனின் கை இருக்கிறதே, திரையைப் பிடித்த அந்தக் கை, அதை நான் வெகுநேரம் பார்த்தேன். அந்தக் கை அப்படித்தான் இருக்கும். அது அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ அந்த மகானுக்குப் பதில் சொல்கிறேன் என்று கிளம்பினாய். தெய்வத்துக்குப் பதிலாக நம் மலையில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள், வேட்டைக்காரனுக்குப் பதிலாக உன் அப்பன். நீ சொன்னதாகப் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. பெண்களை நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகும். ஏலக்காய் செடியின் அடியில் தரையோடு காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து ஈரமண்ணைத் துழாவி எடுத்தவளின் கை எப்படிக் கறுத்திருக்குமோ அப்படியே இருக்கிறது. ஒருத்தியையும் கூச வைக்காமல் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தியிருக்கிறாய். அதற்காக உன்னை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்த மீசையை மறுபடி பார்த்தேன், மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஒன்று சொல். என்னை நாய்க்குப் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கோயிலில் கிடாய் வெட்டும்போதுகூட அதன்மேல் தண்ணீர் தெளித்து, அது தலையை உலுக்கும்வரை காத்திருக்கிறோம். அது உலுக்காவிட்டால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உன் அப்பனுக்கு அந்தக் கிடாய்க்குரிய மரியாதையாவது கிடைத்ததா? ஓடையில் எனக்கு நடந்த கதையை உன் அம்மாவிடம் கேட்டாய். அவள் ராசிங்காபுரத்தில் பிறந்தவள், அது நடந்த ஏலத்தோட்டத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குக் கதை சொன்னவன் நான். நான் சொன்னதை அவள் சொல்ல, அவள் சொன்னதை நீ வரைய, இப்போது அது கப்பலேறப் போகிறது. போடியில் கிளம்பிய எந்தச் சரக்கும் இவ்வளவு தூரம் தரம் பார்க்காமல் போனது கிடையாது.

என் இடது புருவத்து வெட்டைப் பற்றி நான் உனக்குச் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதா? நாலு வயதில் என் மடியில் உட்கார்ந்து விரலால் அதைத் தடவிக் கேட்டாய். கரடி என்றேன். கரடி எட்டடி உயரம் இருந்தது. உன் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் வந்தபோது அது பன்னிரண்டு அடியாக வளர்ந்தது. ராசிங்காபுரத்தில் உன் மாமன் கல்யாணத்தில் கரடிகள் இரண்டாயின, அதில் ஒன்றுக்குத் துப்பாக்கி சுடத் தெரிந்திருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் கேட்டபோது அது யானையின் தந்தம் கிழித்தது என்றேன், அவர் தொப்பியைக் கழற்றினார். இந்த வாயால் நான் சொன்ன பொய்களை மூட்டை கட்டினால் மலைக்குப் போகிற அத்தனை ஜீப்புக்கும் லோடு கிடைக்கும். அதில் ஒன்றையாவது எவனாவது நம்பினானா? ஒருவனும் நம்பவில்லை. அதனால் அவற்றால் யாருக்கும் கேடு வரவில்லை. நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு சின்னப் பொய்யை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வெட்டு கூழாங்கல் பட்டது. கோழிமுட்டை அளவு. எறிந்தவள் பெயர் வேலுத்தாயி.

இனி எழுதுவதில் கரடி வராது. எதையும் பெரிதாக்கப் போவதில்லை. பழக்கமில்லாத வேலை, கை கூசுகிறது. அப்போது எனக்கு இன்றைய உன் வயது, கல்யாணம் ஆகவில்லை. போடிமெட்டைத் தாண்டி உள்ளே நடந்தால் அந்த ஏலத்தோட்டம். பன்றியும் குரங்கும் காயைத் தின்றுவிடாமல் விரட்டுகிற காவல்தான் என் சோலி. தோளில் நாட்டுத் துப்பாக்கி, பின்னால் ராசா, மந்திரி என்று இரண்டு நாய்கள். நானே அந்த மலைக்கு மகுடம் வைத்தவன் மாதிரி நடப்பேன். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஓடை. காய் எடுக்கும் பெண்கள் சாயங்காலம் காயைச் சாக்கில் கொட்டிவிட்டு, அங்கே இறங்கிச் சேறு கழுவிக் குளிப்பார்கள். இறங்குவதற்கு ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். கடைசியாக இறங்குகிறவள் தன்னுடைய வெறுங்கூடையைப் பாதை நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். கூடை கவிழ்ந்திருந்தால் ஆண்பிள்ளை எவனும் தாண்டக் கூடாது. முதலாளியானாலும் நிற்க வேண்டும். நின்று, "கூடை யாருது?" என்று சத்தம் கொடுக்க வேண்டும். கூடைக்காரி கீழேயிருந்து பெயரைச் சொல்லி, "வரலாம்" என்ற பிறகுதான் அடி எடுத்து வைக்கலாம். அந்த மலையில் அவர்களுக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை. அந்தக் கூடைதான் இருந்தது. இத்தாலிக்காரரின் சிவப்புத் திரைக்கு ஈடாக எதையோ தேடி, நீ மரக்கிளையில் ஒரு சேலையைத் தொங்கவிட்டிருக்கிறாய். கூடையைப் போனால் போகிறது என்று என் காலடியில் ஒரு ஓரமாக, நிமிர்ந்தபடி போட்டிருக்கிறாய். மடையா, அந்தக் கூடைதானடா திரை.

அன்றைக்குக் கூடை வேலுத்தாயியுடையது. தேவாரத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள், மிச்சக் கஞ்சியை என் நாய்களுக்கு ஊற்றுவாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் எந்தப் பன்றியையும் விரட்டிக்கொண்டு வரவில்லை. வழியும் தவறவில்லை, அந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். கூடை கவிழ்ந்துதான் இருந்தது. பார்த்தேன். நின்றேன். சத்தம் கொடுக்க வாயைத் திறக்கவும் செய்தேன். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். குனிந்து, கூடையின் விளிம்பைப் பிடித்து, ஓசை வராமல் தூக்கி நிமிர்த்திப் பாதையோரம் வைத்தேன். ராசா என் பின்னால் வந்தது. மந்திரி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டது. நாக்கால் மெல்லக் கூப்பிட்டும் அசையவில்லை.

நான் என்ன பார்த்தேன் என்பதை எழுத மாட்டேன். அதை எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது, அதை மட்டும் எழுதுகிறேன். பிறகு கல் வந்தது.

அன்று இருட்டுவதற்குள்ளேயே காய் உலர்த்தும் ஸ்டோர் முற்றத்தில் விசாரணை. தோட்டத்துக் கங்காணி நடுவில் நின்றார். எனக்குப் புருவத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, கூடையப் பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன். நிமுந்துல்ல கெடந்துச்சு. கவுந்திருந்தா தாண்டுவேனா?"

ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்துதான் இருந்தது.

"ஏத்தா வேலுத்தாயி, ஒன் கூடைதான?"

"எங் கூடைதான். நான் கவுத்துத்தான் வச்சேன்."

"பின்ன காத்தா வந்து நிமுத்துச்சு?"

"நான் கவுத்துத்தான் வச்சேன்."

கூட்டத்தில் ஒருத்தி, அவளோடு தினமும் ஒரே வரிசையில் காய் எடுப்பவள், திரும்பினாள். "யாரு வரட்டும்னுடி நிமுத்தி வச்சே?" அந்த ஒரு பேச்சோடு எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை என்னை எரித்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் அவள் பக்கம் போயின. ஆள் வரட்டும் என்று வழியைத் திறந்து வைத்தவள் எதற்காக முதல் கல்லை எறியப் போகிறாள் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. வேலுத்தாயி மூன்றாம் தரமும் அதையே சொன்னாள், என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தேன்.

மறுநாள் காலை அவளை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒரு துணிமூட்டையும் அந்தக் கூடையும். என்னைக் கடந்து போனாள். நாய்கள் இரண்டும் எழுந்து அவள் பின்னால் போயின. நான் சீட்டி அடித்தேன். போடிமெட்டு வளைவுவரை அவை போவது மேலேயிருந்து தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் ராசா திரும்பி வந்தது. மந்திரி வரவே இல்லை. நீ நாலு நாய்களை விட்டு என்னைக் குதற வைத்திருக்கிறாயே, உன் இத்தாலிக்காரருடைய கதையில் நாய்களுக்கு எசமானனை அடையாளம் தெரியவில்லை. என் நாய்க்கு என்னை நன்றாக அடையாளம் தெரிந்துவிட்டது. அதனால்தான் அது போனது.

பிறகு உன் அம்மாவைக் கட்டினேன். புருவத்தைப் பற்றி அவள் கேட்டபோது முதல் வாரம் கரடி, இரண்டாம் வாரம் ஓடைக் கதை. தோட்டத்தில் சொன்னபடியே சொன்னேன்: கூடை நிமிர்ந்திருந்தது, தெரியாமல் போய்விட்டேன், கல்லடி பட்டேன். அவள் "அய்யோ பாவம்" என்றாள். அந்த "அய்யோ பாவம்" எனக்கு இனித்தது. உனக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் தேவாரத்துக்குப் போனேன், வேலுத்தாயியிடம் தப்பை ஒப்புக்கொள்வது என்று. கடலைக்காட்டில் நின்றாள். வரப்பில் மந்திரி படுத்திருந்தது, கிழடாகி, கண் பூத்து. என்னை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன்.

"வாங்க. மந்திரி இந்தா கெடக்கு."

"இங்கிட்டு யானை எறங்குதாமே?" என்று ஆரம்பித்து, நான் ஒற்றைக் கையால் யானையை விரட்டிய கதையைத் தும்பிக்கை முதல் வால்வரை சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கையில் இருந்த கடலைச்செடியை உதறிக்கொண்டு, "கூடையப் பத்திச் சொல்ல வந்தீகளோன்னு நெனச்சேன்" என்றாள். நான் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று வெரசாகக் கிளம்பினேன். அன்றைக்கு அந்தப் பக்கம் பஸ் சாயங்காலம்தான். அதுவரை ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், அவள் காட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். நீ எனக்கு எழுதினாயே: "தெரியாமல் வந்த ஒருவனுக்கு இத்தனை பெரிய தண்டனை நியாயமா என்பதுதான் என் படம் கேட்கும் கேள்வி, அப்பா. அதனால்தான் அந்த முகத்துக்கு உங்களை வைத்தேன்." ஊர் என்ன நினைக்கிறது? மகன் அப்பனைப் பழி வாங்கிவிட்டான், அதனால் மாமா கொதிக்கிறார் என்று. என் கொதிப்பு அதற்கில்லை. நீ என்மேல் இரக்கப்பட்டு வரைந்திருக்கிறாய். உன் அம்மாவின் "அய்யோ பாவம்" உன் கைக்கு வந்து, ஆறடி அகலத்துக்கு எண்ணெய் வர்ணத்தில் நிற்கிறது. யாரைக் கேட்டு எனக்கு இரக்கம் காட்டினாய்? சித்திரம் எழுதுகிறவன் ஒரு ஆள் சொன்ன கதையை வாங்கினால், அந்தக் கதையால் லாபம் அடைந்தவன் யார் என்று முதலில் பார்க்க வேண்டாமா? நஷ்டப்பட்டவள் வீட்டுக்கு ஒரு நடை போய்க் கேட்க வேண்டாமா? தேவாரத்துக்கு பஸ் இருக்கிறதடா. உனக்கு இத்தாலிவரை கண் போகிறது, பக்கத்து ஊருக்குப் போகவில்லை. கப்பலில் போகிற இடத்திலும் இந்தப் புத்தியோடு திரிந்தால் நீ வரைகிற ஒவ்வொரு படத்திலும் எவனோ ஒரு காவல்காரன் தப்பித்துக்கொண்டிருப்பான்.

நான் சலூனிலிருந்து வந்த அன்றைக்கு உன் அம்மா பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். சலூன்காரரிடம் இரண்டாவது பிரதி இருந்தது, பாவி, கொடுத்தனுப்பியிருக்கிறார். அவள் மீசையைப் பார்த்துச் சிரித்தாள். நாய்களைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு ஓரத்தில் இருந்த அந்தக் கூடைமேல் விரலை வைத்தாள்.

"ஏங்க, நம்ம பையன் ஒண்ணையும் விடல பாருங்க. அந்தப் பொம்பள கூடைய நிமுத்தி வச்சிருந்ததக்கூட அப்படியே எழுதியிருக்கான். அவ மட்டும் ஒழுங்கா கவுத்து வச்சிருந்தா ஒங்களுக்கு இந்த வெட்டு விழுந்திருக்குமா?"

அப்பு, அந்த விரல் கூடைமேல் இருந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்காமல் போனது. ஒரு முற்றத்தில் இருபது பேருக்கு முன்னால் நான் சொன்ன பொய் அது. அதை அங்கேயே மண்ணுக்குள் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். நீ அதைத் தோண்டி எடுத்து, கழுவி, சட்டம் போட்டு, பத்திரிகையில் அச்சடித்து, தேவாரத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டாய். அவள் அதைப் பார்த்திருப்பாள். நான் கவுத்துத்தான் வச்சேன் என்று அவள் இனி யாரிடம் சொல்வாள், படத்திடமா?

உன் அம்மாவிடம் அன்றே உண்மையைச் சொன்னேன். அவள் "இது எந்த ஊருக் கரடி?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். பொதுவில் சொன்ன பொய்யைப் பொதுவில்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் இதை உறை ஒட்டாத திறந்த கடிதமாக எழுதுகிறேன். இன்று காலை, இந்த வரிக்கு மேலே உள்ளதை எல்லாம் சலூனில் நின்று சத்தமாக வாசித்தேன். ஏழு பேர் இருந்தார்கள். மீசைக்குச் சிரித்தார்கள், கிடாய்க்குச் சிரித்தார்கள், கூடையை நான் நிமிர்த்திய இடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சரி, காறித் துப்பப் போகிறார்கள் என்று நின்றேன். முடித்ததும் சங்கரலிங்கம் கத்தியைத் தோல்வாரில் இழுத்துக்கொண்டே கேட்டார்.

"பிரமாதம் மாமா. ஆனா அந்த நாயி அவ பின்னால போகுதுல்ல, அது கொஞ்சம் ஓவரு. அத மட்டும் நம்ப முடியல."

"எல்லாம் நெசம்யா!"

"ஆமா ஆமா. கரடியும் நெசந்தான்."

ஏழு பேரும் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நம்ப ஆளில்லாமல் தெருவில் இறங்கி நின்றேன். என் வார்த்தையை நானே வாரி இறைத்துத் தீர்த்துவிட்டேன், அப்பு. இந்தப் பேட்டையில் இனி அதை எவனும் கையில் வாங்க மாட்டான். ஆனால் உன் கையை நம்புகிறார்கள். மீசை வைத்த மிளாவையே நம்புகிறவர்கள் நீ எதை வரைந்தாலும் நம்புவார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தக் கூடையைக் கவிழ்த்து வை. பாதை நடுவில் வை, பார்க்கிறவன் கண்ணில் முதலில் அது படும்படி வை. இத்தாலிக்காரரின் வேட்டைக்காரன் கை திரையைப் பிடித்திருக்கிறதல்லவா, அதே மாதிரி என் கை அந்தக் கூடையின் விளிம்பில் இருக்கட்டும். கூடையே திரையான பிறகு சேலை எதற்கு, எடுத்துவிடு. மந்திரியைப் பாதையில் உட்கார வை என்றும் கேட்க வாய் வருகிறது, ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன், அது உன் மனசு. வரைந்து முடித்ததும் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு. கப்பலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். நான் அதை எடுத்துக்கொண்டு தேவாரம் பஸ்சில் ஏறுவேன். கடலைக்காட்டு வரப்பில் நின்று, "கூடை யாருது?" என்று சத்தம் கொடுப்பேன். வேலுத்தாயி தன் பெயரைச் சொல்லி "வரலாம்" என்றால் போய் அவள் கையில் கொடுப்பேன். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்பேன். இந்தத் தடவை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மற்றதையெல்லாம் நீ தொட வேண்டாம். நாய்கள் கடிக்கட்டும். மீசை இருக்கட்டும்.

உன் அப்பா